பிடித்த பொருளைத் திருப்பித் தரச் சொல்வது எந்த நீதிமன்றம்?

மலேசியாவின் பகாங் மலைநாட்டில் உள்ள ரிங்லெட்டில் ஒரு காய்கறி லாரியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால், வழக்கு யார்மேல் என்று தெரிவதற்கு முன்பே நட்டம் யாருக்கு என்று தெரிந்துவிடும். லாரிக்கு வங்கித் தவணை மாதம் தவறாமல் ஓடுகிறது. பெர்தாம் பள்ளத்தாக்கில் வெட்டிய முட்டைக்கோசு கோலாலம்பூர் சந்தைக்குப் போகக் காத்துக் கிடக்கிறது. ஓட்டுநர் ஏற்றிய சரக்கில் ஏதோ வில்லங்கம் என்றால், அதில் சம்பந்தமே இல்லாத முதலாளியும் கூலியாளும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறார்கள். தேயிலைத் தோட்டத்து வீட்டில் களவு போன சங்கிலிக்கும் இதே கதிதான். திருடன் பிடிபட்டான், நகை கிடைத்துவிட்டது என்று செய்தி வரும். நகை மட்டும் வராது, அது 'வழக்குப் பொருள்' ஆகிவிட்டது என்பார்கள்.

இப்படிப்பட்டவர்களிடம் மூன்று விதமான பதில்கள் புழங்குகின்றன. வழக்கு முடியும்வரை எதுவும் நடக்காது என்பார் ஒருவர். எல்லாம் விசாரணை அதிகாரியின் கையில் இருக்கிறது என்பார் இன்னொருவர். பெரிய வழக்கறிஞரைப் பிடித்து உயர் நீதிமன்றம் போக வேண்டும் என்பார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு, மூன்றும் முழு உண்மை இல்லை. எந்த நீதிமன்றம் என்பதை நீதிமன்றத்தின் உயரம் தீர்மானிப்பதில்லை. பொருள் வழக்கின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்தச் சட்டத்தின்கீழ் பிடிபட்டது என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் போகவேண்டிய வாசல் தெரிந்துவிடும். அந்த வாசல் பெரும்பாலும் மிக அருகில், தானா ராத்தாவில் உள்ள மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே இருக்கிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது: அந்த வாசல் எத்தனை நாளுக்குள் திறக்க வேண்டும் என்று மலேசியச் சட்டம் சொல்லவில்லை.

இக்கட்டுரையில் 'கைப்பற்றுதல்' என்றால் போலீஸ் தற்காலிகமாக எடுத்து வைப்பது. 'பறிமுதல்' என்றால் பொருள் நிரந்தரமாக அரசுக்குப் போய்விடுவது. நாளிதழ்கள் இரண்டையும் கலந்து எழுதுகின்றன. சட்டத்தில் இவற்றுக்கு இடையே பெரிய தூரம் உண்டு, உரிமையாளர் போராட வேண்டிய களமும் அந்தத் தூரம்தான்.

ஒரே வேரில் கிளைத்த சட்டங்கள்

மலேசியாவின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பழைய மலாய் கூட்டரசு மாநிலங்களின் சட்டத்திலிருந்து வந்தது. அது பிரிட்டிஷ் இந்தியாவின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. அதனால் மதுரையில் வேலை செய்யும் வழக்கறிஞர் மலேசியச் சட்டத்தின் 407ஆம் பிரிவிலிருந்து 415ஆம் பிரிவு வரை படித்தால், வீட்டுப் பழைய அலமாரியைத் திறந்ததுபோல் உணர்வார். இலங்கையின் 1979ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே அமைப்பு. இங்கிலாந்தில் 1897ஆம் ஆண்டின் போலீஸ் (சொத்து) சட்டம், போலீஸ் கைக்கு வந்த பொருளை உரியவரிடம் ஒப்படைக்க ஆணையிடும் அதிகாரத்தை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குத் தந்தது.

இவற்றுக்கெல்லாம் பொதுவான எண்ணம் ஒன்று. போலீஸ் எடுத்த பொருள் போலீசின் சொத்து ஆகாது. அதை வைத்திருக்கும் பொறுப்பு போலீசுக்கு, அதை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 13ஆம் பிரிவு, சட்டப்படி அன்றி யாருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது என்கிறது. கைப்பற்றிய பொருளை நீதிமன்றத்தின் கண்ணில் படாமல் வைத்திருப்பது இந்த உறுதிமொழியை உரசுகிறது.

முதல் கட்டம்: வழக்கு மன்றம் ஏறும் முன்

திருட்டுப் பொருள் என்றோ, குற்றம் நடந்த சந்தேகம் தரும் நிலையில் கிடைத்தது என்றோ கருதும் எதையும் எடுக்கப் போலீசுக்கு 435ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. கைதானவரின் சட்டைப் பையில் இருந்ததை 20ஆம் பிரிவின்கீழ் எடுத்து வைக்கலாம். இப்படி எடுத்தபின் என்ன செய்வது என்பதைச் சொல்வது 413ஆம் பிரிவு. கைப்பற்றிய செய்தியை உடனே ஒரு மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். பொருளை வைத்திருக்கும் உரிமை உள்ளவர் தெரிந்தால், தேவையான நிபந்தனைகளுடன் அவரிடம் ஒப்படைக்கும்படி மாஜிஸ்திரேட் ஆணையிடலாம். உரியவர் யாரென்று தெரியாவிட்டால் பொது அறிவிப்பு விட்டு, 6 மாதத்துக்குள் வந்து உரிமையை நிலைநாட்டச் சொல்லலாம். யாரும் வராவிட்டால் விற்பனைக்கு வழி செய்வது 414.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இந்த அதிகாரம் குற்றச்சாட்டு பதிவாவதைச் சார்ந்து நிற்கவில்லை. கைப்பற்றியதே அதைத் தொடங்கிவைக்கிறது. வழக்கே போடாமல் கோப்பை மூடினாலும் பொருளைப் பற்றிய ஆணைக்கு இடம் உண்டு. அடுத்து, மாஜிஸ்திரேட் விசாரிக்கக்கூடிய சின்னக் குற்றங்களுக்கு மட்டும் இது என்று பிரிவு சொல்லவில்லை. முதல்வகுப்பு மாஜிஸ்திரேட் பொதுவாகப் பத்தாண்டுச் சிறைக்குட்பட்ட குற்றங்களையே விசாரிக்க முடியும். மரண தண்டனைக்குரியவை தவிர மற்றவை செஷன்ஸ் நீதிமன்றத்தின் வரம்பில் வரும், மரண தண்டனைக்குரியவை உயர் நீதிமன்றத்துக்குப் போகும். ஆனால் கைப்பற்றிய செய்தி வந்து சேரும் முதல் மேசை மாஜிஸ்திரேட்டுடையதுதான். குற்றம் பெரியது என்பதற்காகப் பொருளைப் பற்றிய முதல் கேள்வியைக்கூட மேல் நீதிமன்றத்தில் கேட்க வேண்டியதில்லை. குற்றத்தின் கனத்தால் நடைமுறையில் மாறுவது பொருளை விடுவிக்க அரசுத் தரப்பு எழுப்பும் எதிர்ப்பின் கனம்.

415ஆம் பிரிவு மலைநாட்டுக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். உரியவர் தெரியாமலோ இல்லாமலோ இருந்து, பொருள் விரைவில் அழுகிக் கெடக்கூடியதாக இருந்தால், அல்லது விற்பதே உரியவருக்கு நன்மை என்று தோன்றினால், மாஜிஸ்திரேட் உடனே விற்கச் சொல்லலாம். தோட்டத்தில் கொய்த பச்சைக் கொழுந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றே ஆலைக்குப் போய் வாட்டத் தொடங்க வேண்டும். மூட்டைக்குள் அமுங்கிக் கிடந்தால் உள்ளே சூடேறி, இலை சிவந்து, ஒன்றுக்கும் உதவாமல் போகும். திருட்டுக் கொழுந்து என்ற சந்தேகத்தில் பத்து மூட்டையைப் பிடித்து நிலையத்துக் கொட்டகையில் அடுக்கினால், மறுநாள் அங்கே சான்றும் இல்லை, சொத்தும் இல்லை. படம் எடுத்து, எடை போட்டு, மாதிரி எடுத்துவைத்து, மீதியை அன்றே உரியவரிடம் தரவோ விற்கவோ ஆணை வாங்குவதுதான் எல்லாருக்கும் நல்லது.

இந்தக் கட்டத்தில் உரிமையாளருக்கு உயிர்நாடி, சோதனையின்போது எழுதும் பட்டியல். கைப்பற்றிய பொருள்களின் பட்டியலை அதிகாரி எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்கிறது 64ஆம் பிரிவு. வீட்டுக்காரருக்கு நகல் தருவதைச் சொல்கிறது 65. பட்டியலில் 'தங்கச் சங்கிலி ஒன்று' என்று மட்டும் இருந்தால் பின்னால் வம்பு. எத்தனை பவுன், கொக்கியில் எந்தக் கடை முத்திரை, நடுவில் பற்ற வைத்த தழும்பு உண்டா என்பதெல்லாம் இருந்தால்தான் போனதே திரும்பி வந்ததா என்று பிறகு சொல்ல முடியும். வண்டியென்றால் எஞ்சின் எண், சேசிஸ் எண், ஓடிய தூரம், பேட்டரி, உபரி டயர் எல்லாம் எழுத்தில் வர வேண்டும். மலையில் இன்னும் ஓடும் பழைய லேண்ட் ரோவர்களில் எத்தனையோ பாகங்கள் மாற்றியவை. எண்கள் பொருந்தாவிட்டால் நியாயமான உரிமையாளரும் சந்தேக வட்டத்துக்குள் வந்துவிடுவார்.

இரண்டாம் கட்டம்: விசாரணை நடக்கும்போதும் முடியும்போதும்

வழக்கு மன்றம் ஏறி, பொருள் சான்றாக முன்வைக்கப்பட்டுவிட்டால் கதை 413இலிருந்து 407க்கு மாறுகிறது. விசாரணையின்போதோ முடிவிலோ, தன்முன் வைக்கப்பட்ட அல்லது தன் காவலில் உள்ள, குற்றத்தோடு தொடர்புடைய பொருளைப் பற்றி எந்தக் குற்றவியல் நீதிமன்றமும் தகுந்த ஆணை இடலாம். மாஜிஸ்திரேட் விசாரித்தால் மாஜிஸ்திரேட், செஷன்ஸ் விசாரித்தால் செஷன்ஸ், உயர் நீதிமன்றம் விசாரித்தால் அதுவே. திருப்பிக் கொடுப்பது, அழிப்பது, பறிமுதல் செய்வது எல்லாம் இந்த அதிகாரத்துக்குள் அடங்கும். தலைப்புக் கேள்விக்கு ஒரு வரிப் பதில் வேண்டுமென்றால் இங்கே இருக்கிறது: வழக்கை யார் விசாரிக்கிறாரோ அவரிடமே கேட்க வேண்டும்.

விசாரணையின்போதே கேட்கலாம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். குற்றவாளி என்று தீர்ப்பு வரும்வரை காத்திருக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும் பொருள் தானாக அவரிடம் போய்விடாது. தண்டனை வந்தாலும் தானாக அரசுக்குப் போய்விடாது. பொருளைப் பற்றி நீதிமன்றம் தனியாக மனம் செலுத்தி ஆணையிட வேண்டும். அந்த ஆணை மேல்முறையீட்டுக் காலம் கழியும்வரை பொதுவாக நிறைவேறாது. ஆடுமாடு போன்ற உயிருள்ளவையும் விரைவில் அழுகுபவையும் இதற்கு விலக்கு.

தானே முடிவு செய்யாமல் பொருளை ஒரு மாஜிஸ்திரேட்டிடம் அனுப்பிவைக்கவும் விசாரணை நீதிமன்றத்துக்கு 408 இடம் தருகிறது. போலீஸ் புதிதாகக் கைப்பற்றித் தெரிவித்ததுபோல் அவர் அதைக் கையாள்வார். சங்கிலிக்கு இரண்டு பேர் உரிமை கேட்டு வந்து நிற்கும்போது, கொலை வழக்கை முடித்த உயர் நீதிமன்றம் அதற்கென்று இன்னொரு விசாரணையில் இறங்காமல் இந்த வழியை எடுக்கலாம்.

409ஆம் பிரிவு ஏமாந்து வாங்கியவரை நினைத்து எழுதியது. திருட்டு என்று தெரியாமல் ஒருவர் பொருளை வாங்கினார். திருடன் கைதானபோது அவன் மடியில் பணம் இருந்தது. பொருள் உரியவரிடம் திரும்பிவிட்டது. அப்படியானால் வாங்கியவர் கொடுத்த விலைக்கு மேற்படாமல் அந்தப் பணத்திலிருந்து அவருக்குத் தரலாம். பொருள் கிடைக்காமலே போனால் 426ஆம் பிரிவு உண்டு. அரசுத் தரப்பு விண்ணப்பித்தால், தண்டிக்கப்பட்டவர் பாதிக்கப்பட்டவரின் சொத்து இழப்புக்கு ஈடு தரும்படி நீதிமன்றம் ஆணையிட வேண்டும். இதைக் கேட்கும்படி அரசுத் தரப்பிடம் சொல்ல வேண்டியது பாதிக்கப்பட்டவர். பலருக்கு அப்படிக் கேட்கலாம் என்பதே தெரிவதில்லை.

ரிங்லெட்டுக்கு ஒரு புவியியல் சிக்கலும் உண்டு. ஊர் பகாங்கில் இருக்கிறது, மலைப்பாதை இறங்கிச் சேரும் தாப்பா பேராக்கில் இருக்கிறது. மேலே திருடிய நகையைக் கீழே விற்றால் எந்த ஊர் நீதிமன்றம்? திருட்டுப் பொருளை வாங்கி வைத்திருந்த குற்றத்தைப் பொருள் களவுபோன இடத்து நீதிமன்றமும் விசாரிக்கலாம், அது கைமாறிய இடத்து நீதிமன்றமும் விசாரிக்கலாம். எனவே நகைக்காரர் முதலில் கேட்க வேண்டியது, குற்றச்சாட்டு எந்த நீதிமன்றத்தில், எந்த வழக்கு எண்ணில் பதிவாகியிருக்கிறது என்பதை. அது தெரியாமல் எழுதும் மனு அங்கும் இங்கும் அலையும்.

மூன்றாம் கட்டம்: மேல்வாசல்கள்

மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 407, 408, 409 ஆகியவற்றின்கீழ் இட்ட ஆணையை நிறுத்திவைக்கவும் திருத்தவும் நீக்கவும் 410ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவர் ஆணையில் மனநிறைவு இல்லாவிட்டால் 14 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்கலாம். லாரி முதலாளியோ வங்கியோ வழக்கில் தரப்பாக இருக்கமாட்டார்கள். அவர்களுக்கு உதவுவது உயர் நீதிமன்றத்தின் சீராய்வு அதிகாரம். கீழ்நீதிமன்றப் பதிவேட்டை வரவழைத்து, ஆணை சட்டப்படி சரியா, முறையா என்று அது பார்க்கலாம்.

தனிச்சட்டங்கள் வரும்போது

இதுவரை சொன்னது பொதுவழி. 407ஆம் பிரிவே தனிச்சட்டங்களில் உள்ள பறிமுதல் விதிகளுக்குக் கட்டுப்பட்டது. கைப்பற்றிய அதிகாரியின் சீருடையைவிட, அவர் எழுதிய பட்டியலின் தலைப்பில் உள்ள சட்டத்தின் பெயர் முக்கியம்.

1967ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின்கீழ் பிடித்த பொருளுக்கு வழக்கே போடாவிட்டால், ஒரு நாட்காட்டி மாதத்துக்குள் எழுத்துமூலம் உரிமை கோர வேண்டும். தவறினால் பொருள் அரசுக்குப் போனதாகவே கருதப்படும். அதிகாரி கூப்பிடுவார் என்று நம்பி உட்கார்ந்தவர்கள் இந்த ஒரு மாதத்தில்தான் பொருளை இழக்கிறார்கள். 2014 நவம்பரில் ரிங்லெட், பெர்தாம் பள்ளத்தாக்குப் பகுதிகளைச் சேற்றுவெள்ளம் தாக்கியபின் சட்டவிரோத நிலவெட்டுக்கு எதிரான நடவடிக்கைகள் கடுமையாயின. மலைச்சரிவில் ஒரு மண்வாரி இயந்திரம் பிடிபட்டால், அது நிலச் சட்டத்தின்கீழா, 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின்கீழா என்பதைப் பொறுத்து அதன் விதி மாறும்.

2001ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டம் இன்னொரு தளம். வழக்கு நடந்தால் அதை விசாரிக்கும் நீதிமன்றமே பறிமுதலைத் தீர்மானிக்கும். வழக்கு இல்லாவிட்டால், கைப்பற்றிய 12 மாதத்துக்குள் அரசுத் தரப்பு 56ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்ற நீதிபதியிடம் விண்ணப்பிக்க வேண்டும். குற்றத்தில் சம்பந்தமில்லாத மூன்றாம் தரப்பினர் 61ஆம் பிரிவின்கீழ் வந்து நிற்கலாம். சொத்தில் தமக்கு நியாயமான உரிமை உண்டு, குற்றத்தில் பங்கில்லை, தெரிந்தும் தெரியாததுபோல் இருந்ததில்லை, பறிமுதலைத் தவிர்க்கும் தந்திரமாகச் சொத்தைப் பெறவில்லை, தவறான பயன்பாட்டைத் தடுக்க இயன்றதைச் செய்தோம் என்ற ஐந்தையும் காட்ட வேண்டும்.

இந்த வழி எப்படி இயங்குகிறது என்பதை நாடே பார்த்தது. 2018 மே மாதம் கோலாலம்பூர் பெவிலியன் குடியிருப்பில் போலீஸ் 26 நாட்டு நாணயங்களில் சுமார் 11 கோடியே 40 லட்சம் வெள்ளி ரொக்கத்தைக் கைப்பற்றியது. அதைப் பறிமுதல் செய்யக் கோரிய விண்ணப்பத்தை உயர் நீதிமன்றம் 2021இல் தள்ளுபடி செய்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்து, 2022இல் அதையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது. கைப்பற்றியதாலேயே பணம் அரசுடையது ஆகிவிடவில்லை. சட்டத்தின் தேவைகளை அரசுத் தரப்பு நிறைவுசெய்ய வேண்டியிருந்தது. பெரிய வழக்கறிஞர் படை வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் அதே கொள்கை லாரி முதலாளிக்கும் உரியது.

வைத்திருக்கும் உரிமை வேறு, உடைமை வேறு

குற்றவியல் நீதிமன்றம் பார்ப்பது பொருளை இப்போது வைத்திருக்கும் உரிமை யாருக்கு என்பதை. யார் நிரந்தர உரிமையாளர் என்ற சிவில் வழக்கை அது முடித்துவைப்பதில்லை. வாடகைக் கொள்முதலில் வாங்கிய லாரி நல்ல எடுத்துக்காட்டு. கடன் தீரும்வரை உரிமையாளர் வங்கி. தவணை கட்டி ஓட்டுபவருக்கு வைத்திருக்கும் உரிமை. தவணை தவறாமல் இருந்தால் மாஜிஸ்திரேட் ஓட்டுபவரிடமே தரலாம். தவறியிருந்தால் வங்கியும் கதவைத் தட்டும். தகராறு முற்றினால் 1 லட்சம் வெள்ளி வரையிலான சிவில் வழக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கும், 10 லட்சம் வரை செஷன்ஸுக்கும், அதற்கு மேல் உயர் நீதிமன்றத்துக்கும் போகும். அரசு அதிகாரியின் செயலுக்காக வழக்குப் போடுவதென்றால் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதத்துக்குள் போட வேண்டும்.

அக்கம்பக்கத்தில் என்ன நடக்கிறது

போலீஸ் காவலில் பொருளே காணாமல் போனால்? கர்நாடகத்தைச் சேர்ந்த பசவ்வா என்ற பெண்ணின் களவுபோன நகைகள் மீட்கப்பட்டு, போலீஸ் நிலையத்திலிருந்து மறுபடி தொலைந்தன. அரசு அவற்றின் மதிப்பைத் தர வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1977இல் சொன்னது. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002இல் அதே நீதிமன்றம் மேலும் ஒரு படி போனது. கைப்பற்றிய பொருள்களை 15 நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் நிலையத்தில் வைக்க வேண்டியதில்லை, படம் எடுத்து, உறுதிப்பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் தரலாம் என்றது. தமிழ்நாட்டு நிலையங்களின் வாசலில் கொடி படர்ந்து கிடக்கும் மோட்டார் சைக்கிள்கள் அந்த அறிவுரை எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சாட்சி.

அதனால்தான் 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அறிவுரையைக் கெடுவாக மாற்றியது. அதன் 497ஆம் பிரிவின்படி பொருள் முன்வைக்கப்பட்ட 14 நாளுக்குள் நீதிமன்றம் விவர அறிக்கை தயாரிக்க வேண்டும், படமோ காணொளியோ எடுக்க வேண்டும், அடுத்த 30 நாளுக்குள் பொருளைப் பற்றி ஆணையிட வேண்டும். சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 370ஆம் பிரிவு, பொருள் விசாரணைக்குத் தேவையில்லை என்று ஆனதும், அல்லது கைப்பற்றி ஓராண்டு ஆனதும், இரண்டில் எது முந்தியதோ அப்போது உரிய நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும்படி சொல்கிறது. இலங்கையில் மனவாடு வழக்கில் 1987இல் உச்ச நீதிமன்றம் வேறொரு தூணை நட்டது: சட்டவிரோத மரம் ஏற்றிய லாரியாக இருந்தாலும், குற்றத்தில் பங்கில்லாத உரிமையாளரைக் கேட்காமல் பறிமுதல் செய்யக்கூடாது.

மூன்று நாடுகளையும் பக்கத்தில் வைத்தால் மலேசியச் சட்டத்தின் இடைவெளி தெரிகிறது. கைப்பற்றியதை உடனே தெரிவிக்கச் சொல்லும் 413, தெரிவிக்காவிட்டால் என்ன என்று சொல்வதில்லை. மாஜிஸ்திரேட் எத்தனை நாளில் ஆணையிட வேண்டும் என்பதும் அதில் இல்லை. நடைமுறையில் விசாரணை அதிகாரி கோப்பைத் துணை அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு அனுப்பி, அவர் குறிப்பு எழுதும்வரை பொருளைத் தொடாமல் வைக்கிறார். அதிகாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. சான்றைக் கைவிட்டால் கேள்வி அவர்மேல் வரும், பிடித்து வைத்தால் யாரும் கேட்பதில்லை. கெடு இல்லாத இடத்தில் தாமதம்தான் பாதுகாப்பான முடிவு.

செய்ய வேண்டியவை

உரிமையாளருக்கு இன்றே திறந்திருக்கும் வழி இது. போலீஸ் ரிப்போர்ட் எண், கைப்பற்றல் பட்டியலின் நகல், வண்டிப் பதிவுச் சான்று (கிராண்ட்), நகைக்கடை ரசீது, தவணைப் புத்தகம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். எந்தச் சட்டத்தின்கீழ் பிடித்தார்கள், 413இன்படி மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்தாயிற்றா என்று விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். வழக்கு இன்னும் பதிவாகாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம், பதிவாகியிருந்தால் விசாரிக்கும் நீதிமன்றத்திடம் மனு செய்யலாம். கேட்கும்போது அழைத்தால் பொருளைக் கொண்டுவருவேன், விற்கமாட்டேன், உருமாற்றமாட்டேன், படத்தைச் சான்றாக ஏற்க ஆட்சேபம் இல்லை என்ற உறுதிமொழிகளைத் தானே முன்வைப்பவருக்குச் சாதகம் அதிகம். நீதிமன்றம் அஞ்சுவது சான்று அழிவதற்கு. அந்த அச்சத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும்.

நாடாளுமன்றத்தின் முன் உள்ள வேலையும் பெரியதில்லை. 413இல் மூன்று திருத்தங்கள் போதும். கைப்பற்றிய 14 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு எழுத்தறிக்கை, அதன் நகல் உரிமையாளருக்கு. அறிக்கை வந்த 30 நாளுக்குள் பொருளைப் பற்றிக் காரணத்தோடு ஆணை. பறிமுதலுக்கு முன் மூன்றாம் தரப்பு உரிமையாளரைக் கட்டாயம் கேட்பது. புதிய நீதிமன்றம் கட்ட வேண்டாம், புதிய அதிகாரமும் வேண்டாம். தானா ராத்தா மாஜிஸ்திரேட்டிடம் ஏற்கெனவே இருக்கும் அதிகாரத்துக்கு ஒரு நாட்காட்டி கொடுத்தால் போதும். லாரிக்காரர் இரண்டு தவணை தவறுவதற்குள் தன் வண்டியைப் பற்றி ஒரு பதில் பெற்றுவிடுவார். அந்தப் பதில் 'தர முடியாது' என்பதாகவே இருந்தாலும், காரணம் எழுத்தில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போக முடியும்.